ரிஞ்சுவுக்கு ஒரு டி.சி.

2024 ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கரண்ட் இல்லை. ரிஞ்சு முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல் பிரிகிற பாடம் படித்தாள். படித்தாள் என்றால் வாய்விட்டு. அவளே கேள்வி கேட்டு, அவளே பதில் சொல்லி, அவளே "இல்ல இல்ல, அப்படி வராது" என்று மறுத்து — தெருவில் போகிறவர்கள் உள்ளே மூன்று பேர் சண்டை போடுவதாக நினைப்பார்கள். நான் அடுக்களையில் பீன்ஸ் அரிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் தப்பாகச் சொன்னாள். "அது மெட்டாபேஸ் இல்லடி, அதுக்கு முந்தினது" என்று இங்கிருந்தே கத்தினேன். "ஆமால்ல" என்று பதில் வந்தது. எங்கள் பள்ளி இப்படித்தான் நடக்கிறது. அம்மா ஒரு டீச்சர், மகள் ஒரு மாணவி, நடுவில் ஒரு குக்கர்.

சகாயம் மத்தியானம் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். உலர்த்துகிற அடுப்புக்கு வைத்திருந்த விறகெல்லாம் ஈரமாம். அந்தக் கவலையில் குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுப் போய்விட்டார். நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. பாவம் மனுஷன்.

ஜூலை 14, ஞாயிறு

அவர் கத்தோலிக்கப் பூசைக்கு, நான் என் சபை ஆராதனைக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு கோயில்தான். ரிஞ்சு ஒரு வாரம் அவரோடு, ஒரு வாரம் என்னோடு. இன்று என் முறை.

சர்ச் வாசலில் பழைய பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ் பிடித்துக்கொண்டார். "என்ன எப்சிபா, பொண்ணு இன்னும் வீட்லதானா?" அந்த 'இன்னும்' இருக்கிறதே, எரிந்தது எனக்கு. "ஆமா மிஸ், வீட்லதான். அடுத்த வருஷம் அமெரிக்கா பரீட்சை எழுதப்போறா" என்று சொல்லிவிட்டேன். ரிஞ்சு என் முழங்கையைக் கிள்ளினாள். அவளுக்கு மட்டும் அந்த வாய் வேறு எங்கிருந்து வந்ததாம்?

சொன்னது பொய் இல்லை. ஏ.பி. என்று ஒரு பரீட்சை. கல்லூரி முதல் வருடப் பாடத்தைப் பள்ளிப் பருவத்திலேயே படித்து எழுதுவது. அமெரிக்காக்காரர்கள் நடத்துகிறார்கள், எழுதுவது கொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகம், பள்ளிக்குப் போகாமல் எழுதுகிற ஓபன் ஸ்கூல் ப்ளஸ் டூவோடு இந்த மார்க்கையும் பார்க்கும் என்று எனக்குப் பதில் போட்டிருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? உயிரியலும் புள்ளியியலும் எழுதட்டும். இன்னும் ஒரு வருடம் நானே சொல்லிக்கொடுப்பேன்.

அந்த ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தாலே எனக்கு 2018 நவம்பர் 20 ஞாபகம் வந்துவிடும். நான் அங்கே எட்டாம் வகுப்பு டீச்சர், ரிஞ்சு ஆறாம் வகுப்பு. கணக்குப் போடும்போது வாய்க்குள் பேசுகிறாள் என்று அவள் வகுப்பு டீச்சர் வாயில் செல்லோடேப் ஒட்டி வராந்தாவில் நிறுத்திவிட்டாள். நான் சாக்பீஸ் எடுக்க அந்தப் பக்கம் போனேன். என் பிள்ளை டேப்போடு நின்று என்னைப் பார்க்கிறாள். மூக்கால் மூச்சு விடுகிற சத்தம். டேப்பை உரித்தேன், கையைப் பிடித்தேன், வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ராஜினாமாக் கடிதம் மறுநாள்தான் எழுதினேன்.

அன்று வீட்டில் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. இந்தப் பள்ளியில் வாய் திறந்து படிக்கலாம்.

ஜூலை 27, சனி

குமுளி செக்போஸ்ட் பக்கம் கௌலத் கடையில் மிளகு கொடுக்கப் போனோம். கௌலத் எனக்குப் பதினைந்து வருடச் சிநேகிதி. அவள் மகள் ஹஸீனா கம்பத்தில் கம்யூனிட்டி காலேஜில் லேப் டெக்னீசியன் படிக்கிறாள். ஒரு வருட டிப்ளமோ, பத்தாவது பாஸ் போதும். தினம் காலையில் தமிழ்நாட்டு பஸ் பிடித்து மலையிறங்கிப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறாள்.

"டீச்சரே, நம்ம ரிஞ்சுவையும் அங்கயே சேத்துவிடுங்களேன். ரெண்டு பேரும் சோடியாப் போயிட்டு வரட்டும்" என்றாள் கௌலத்.

"அவ வேற படிக்கிறா" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது. கௌலத் டீ வாங்கிக் கொடுத்தாள்.

ரிஞ்சுவும் ஹஸீனாவும் கிராம்பு மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். சொந்த ரத்தத்தைத் தானே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த கதையாம். கிளம்பலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஏ.பி. புத்தகம் வந்துவிட்டது, யாரோ படித்த பழைய பிரதி. அம்மிக்கல் கனம். ரிஞ்சு முகர்ந்து பார்த்துவிட்டு, "யாரோ பழம்பொரி தின்னுக்கிட்டே படிச்சிருக்காங்கம்மா" என்றாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கொச்சியிலிருந்து இப்போதுதான் வந்தோம். இரண்டு பேரும் கோயிலுக்குப் போகவில்லை.

வெளியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் முதலில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள். நவம்பர் பதினைந்துக்குள் பெயர் பதிய வேண்டும். நேற்று அதற்குத்தான் போனோம். ஏசி ஹால், தரையில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் வெளியே பெஞ்சில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை, ரிஞ்சுவை வெளியே கூட்டி வந்துவிட்டார்கள்.

வாய்விட்டுப் படித்திருக்கிறாள்! ஹாலுக்குள்! கேள்வியை வாசித்து, பதிலைச் சொல்லி, "இல்ல இல்ல, அப்படி வராது" — அப்படியே வீட்டில் மாதிரி. இரண்டு தடவை சொல்லியும் மறுபடி. ஹாலைப் பார்த்துக்கொண்ட மேடம் நல்ல மனுஷி, குரலை உயர்த்தவே இல்லை. "குட்டி எழுதினது வரைக்கும் நல்லாருக்கு டீச்சர். பட்சே மத்த குட்டிகளுக்குத் தொந்தரவு. தனி ரூம் வேணும்னா டாக்டர் சர்டிபிகேட் வேணும்" என்று மலையாளம் கலந்து சொன்னார்.

"டாக்டரா? பேசறது என்ன வியாதியா?" என்று நான்தான் கத்தினேன். அந்த ஏசி ஹால் வாசலில்.

பத்தாவது ஓபன் ஸ்கூல் பரீட்சை நன்றாகத்தானே எழுதினாள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். முண்டக்கயம் தாண்டி ஏறும்போது உறைத்தது. அது அக்டோபர். தகரக் கூரை. ஐந்து நாளும் அடைமழை. அவள் பேசியது பக்கத்துப் பெஞ்சுக்கே கேட்டிருக்காது. மழை காப்பாற்றியிருக்கிறது, நான் என் பாடத் திறமை என்று நினைத்திருக்கிறேன்.

ரிஞ்சு ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். ஒரு தடவை மட்டும், "நான் பேசுனதே எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

யார் பழக்கினது? நான்தான்.

அக்டோபர் 3, வியாழன்

முடியாததா என்ன? பழக்கம்தானே. தினம் ஒரு மணி நேரம் மௌனப் பயிற்சி. முன்னறையில் கடிகாரம் வைத்துவிட்டேன். முதல் நாள் ஐந்து நிமிஷம் தாங்கினாள். இன்று பதினொன்று. உதடு அசையும்போதெல்லாம் மேஜையைத் தட்டுகிறேன். ஒரு தடவை பொறுமை போய், "வாயை மூடு ரிஞ்சு!" என்று கத்திவிட்டேன். மூடினாள்.

அக்டோபர் 10, வியாழன்

பதினெட்டு நிமிஷம். வாசிப்பது பாதியும் மண்டையில் ஏறவில்லை என்கிறாள். ஏறும்.

அக்டோபர் 19, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் பரீட்சைத் தாள் கொடுத்து, கடிகாரம் வைத்துவிட்டு நான் துணி துவைக்கப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் உள்ளிருந்து ஒரு சத்தம் இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஜெயித்துவிட்டோம்டி என்று ஈரக் கையோடு டீ போட்டுக்கொண்டு போனேன்.

வாயில் டேப்.

அவர் பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப். காது வரைக்கும் ஒட்டியிருக்கிறாள். நான் நிற்பதைப் பார்த்ததும் மெதுவாக உரித்துவிட்டு, "ஒர்க் ஆகுதும்மா, பாரு. நாப்பது கேள்வி முடிச்சிட்டேன்" என்று சிரித்தாள். மூக்கடியில் சிவந்து கிடந்தது. டீயை எடுத்து ஊதிக் குடித்தாள். என்னை மெச்ச வைக்கணும்னு அவளுக்கு.

ஐயோ கர்த்தரே, நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன். அந்த டீச்சராவது ஒரு நாள்தான் ஒட்டினா. அவ முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசுனேனா நான்? பின்கட்டுக்குப் போயி, துணி அலசுற மாதிரி நின்னு அழுதேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

சகாயத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏ எப்சி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நீ அவள பரீட்சைக்குத் தயார் பண்றியா, இல்ல அந்த ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பதில் சொல்லத் தயார் பண்றியா?" என்றார்.

கோவித்துக்கொண்டேன். சாப்பாடு போடாமல் ஆராதனைக்குப் போய்விட்டேன். பிரசங்கம் ஒரு வரி காதில் விழவில்லை. அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னலில் நரை தெரிந்தது. ஆறு வருடமாக இவருக்கா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

மௌனப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். டேப் ரோலை அடுப்பில் போட்டேன். நாற்றம் தாங்கவில்லை, கதவெல்லாம் திறக்க வேண்டியதாகிவிட்டது.

நவம்பர் 6, புதன்

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்ததும் ரிஞ்சு சொன்னாள். தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு நாள், கம்பத்தில் சுடிதார் எடுக்க ஹஸீனாவோடு போவதாகச் சொல்லிப் போனாளே, சுடிதாரும் இல்லை ஒன்றும் இல்லை. ஹஸீனாவின் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே இருக்கிற மேடம் கேட்டதற்கு "சும்மா பாக்க வந்தேன்" என்றாளாம். சும்மா பார்க்க வந்தவளை மேடம் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, ரத்த வகை பார்க்கவும் வைத்துவிட்டார்.

பொய் சொல்லிவிட்டுப் போனாள் என்றதும் எனக்குச் சுர்ரென்று வந்தது. "எங்கிட்டக் கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றேன்.

"சொல்லியிருப்பம்மா."

சகாயம் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்க என்னடி இருக்கு? பெங்களூர விட அது பெருசா?"

"பெருசெல்லாம் இல்லம்மா. அங்க நான் பேசுனா யாராச்சும் பதில் பேசுறாங்க. ஒருத்தி தப்புங்குறா, ஒருத்தி சரிங்குறா. இங்க நானே கேட்டு நானே சொல்லிக்கிறேன்ல. நீ சொல்றதும்கூட எனக்கு நான் சொல்ற மாதிரியேதான் கேக்குது."

தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்துவிட்டேன். ஆறு வருடமாக முன்னறையில் மூன்று பேர் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று பெருமைப்பட்டேனே. அந்த மூன்று பேரும் அவள் ஒருத்திதான். எனக்கு ஏன் அது தோன்றவே இல்லை?

நவம்பர் 11, திங்கள்

நானே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். காலை ஏழு மணி பஸ். நாங்கள் மலையிறங்க, கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் எதிரே ஏறி வந்துகொண்டே இருந்தன. ரிஞ்சுவும் ஹஸீனாவும் எனக்கு முன் சீட்டில். ஒரு மணி நேரமும் வாய் ஓயவில்லை. பஸ்ஸில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எல்லோரும் பேசிக்கொண்டுதான் வந்தார்கள்.

காலேஜ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. டயர் கடை மாடியில் நாலு அறை. மைக்ராஸ்கோப் ஆறுதான், பிள்ளைகள் பதினெட்டு. மூன்று பேருக்கு ஒன்று. ஒருத்தி பார்க்கிறாள், பார்ப்பதை வாயால் சொல்கிறாள், இன்னொருத்தி எழுதுகிறாள், மூன்றாவது ஆள் சரிபார்க்கிறாள். அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் மேடத்திடம் திட்டு. ஆனந்தி என்று பெயர், சின்னப் பெண்தான். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க மக பேசறது எனக்கு ஒத்தாசையா இருக்குங்க. தப்பா நினைச்சாலும் வெளிய வந்திருது, உடனே திருத்திரலாம்" என்றாள்.

இந்த டிப்ளமோவும் ஓபன் ஸ்கூல் ப்ளஸ் டூவும் முடித்தால் பி.எஸ்சி.க்கு மனு போடலாமாம். போன வருடம் மூன்று பேர் தேனியில் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த பேட்ச் ஜனவரியில்.

பெங்களூர் பெரிய படிப்பு, இது சின்னப் படிப்பு என்று எனக்கு இப்போதும் ஒரு முள் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்த மைக்ராஸ்கோப் மேல் குனிந்துகொண்டு ரிஞ்சு "இல்ல இல்ல, அப்படி வராது" என்றபோது, பக்கத்தில் நின்ற பிள்ளை "ஏன் வராது?" என்று கேட்டது. ரிஞ்சு நிமிர்ந்து அவளைப் பார்த்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

நவம்பர் 15, வெள்ளி

கொச்சிக்குப் பணம் கட்டவில்லை. ஐந்து மணி அடித்ததும் கடைசி நேரம் முடிந்தது. நானும் ரிஞ்சுவும் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 18, புதன்

கம்பத்தில் சேர்க்கைக்குப் போனோம். ஆபீசில் குருசாமி என்று ஒரு கிளார்க். எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, "டி.சி. எங்கம்மா?" என்றார்.

"ஓபன் ஸ்கூல் சர்டிபிகேட் இருக்கே."

"அது பரீட்சை எழுதுனதுக்கு. டி.சி. படிச்ச எடத்துல குடுக்கணும். பாப்பா எங்க படிச்சுச்சு?"

"வீட்ல."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் குடுக்கணும்" என்றார். கிண்டல் பண்ணவில்லை. உள்ளே போய் பிரின்சிபாலைக் கேட்டுக்கொண்டு வந்து, ஒரு வெற்று டி.சி. படிவத்தை எடுத்து நீட்டினார். "வீடுன்னே போடுங்க, பரவால்ல. ஒரு கட்டம்கூட விட்ராம எழுதணும். அடுத்த மாசம் கொண்டாங்க."

ரிஞ்சு படியிறங்கும் வரை அடக்கிக்கொண்டு வந்து, டயர் கடை வாசலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "மிஸ், எனக்கு டி.சி. குடுங்க மிஸ்!" நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறியபிறகு சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

கிறிஸ்துமஸ் போயிற்று, படிவம் பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. சகாயம் தினம் கேட்கிறார். "ஹெட்மிஸ்ட்ரஸ் ஆபீசுல ஒரு டி.சி.க்கு இம்புட்டு நாளா? சீல் இல்லன்னா சொல்லு, ஏலக்கா ஸ்டோர் சீல் இருக்கு, குத்திருவோம்."

2025 ஜனவரி 4, சனி

எழுதிவிட்டேன்.

பள்ளியில் இருந்தபோது நானூறு டி.சி. எழுதியிருப்பேன். மார்ச் மாதம் வந்தால் கட்டுக் கட்டாக. பெயர், பிறந்த தேதி, காரணம், நடத்தை, அடுத்தது. ஒரு பிள்ளையின் முகத்தையாவது நினைத்து எழுதினேனா? இல்லை. இன்றைக்கு ஒன்றை எழுத, காலைக் காப்பி முடிந்து உட்கார்ந்தவள் பத்தரைக்கு எழுந்தேன்.

பள்ளியின் பெயர்: வீடு, குமுளி. சேர்ந்த நாள்: 2018 நவம்பர் 20. இதை எழுதும்போது கை நின்றது. அன்றைக்கு அவளை நான் காப்பாற்றினேன், அது உண்மை. அந்தக் கையை அதற்கப்புறம் விடவே இல்லை, அதுவும் உண்மை.

விலகும் காரணம் என்ற இடத்தில் எப்போதும் போல 'மேல்படிப்பு' என்று போட்டேன்.

நடத்தை. எல்லோருக்கும் 'நன்று' என்று எழுதியே பழகிய கை. 'நன்' வரைக்கும் எழுதிவிட்டது. அங்கே நிறுத்தி, யோசித்து, 'நன்றாகப் பேசுவாள்' என்று முடித்தேன். குருசாமி ஏற்றுக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் அடித்துத் திருத்திக்கொள்ளட்டும்.

தலைமையாசிரியர் கையெழுத்து, எப்சிபா. பெற்றோர் கையெழுத்து, அதற்கும் கீழே இடம் இருந்தது. அதைச் சகாயத்தைப் போடச் சொன்னேன். இரண்டிலும் நானே இருக்க வேண்டாம்.

ரிஞ்சு வாங்கி வாய்விட்டுப் படித்தாள். நடத்தை வந்ததும் நின்றாள். என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள், பதினேழு வயது எருமை.

ஜனவரி 20, திங்கள்

ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கௌலத் கடையில் உட்கார்ந்து அவள் டிபனை நானும் கௌலத்தும் தின்றோம்.

ஜனவரி 23, வியாழன்

ரிஞ்சு ஐந்தரைக்கு வந்தாள். தொண்டை கட்டியிருக்கிறது. குரலே வரவில்லை. "என்னடி?" என்றால் கையை விரிக்கிறாள். நாள் முழுக்கப் பேசியிருக்கிறாள், பஸ்ஸிலும் பேசியிருக்கிறாள். உப்புப் போட்டு வெந்நீர் கொடுத்தேன். கொப்பளித்துவிட்டு முன்னறைக்குப் படிக்கப் போனாள்.

நான் பீன்ஸ் அரிய உட்கார்ந்தேன். வழக்கம் போலக் காது அந்தப் பக்கமே இருந்தது. தப்பாகச் சொன்னால் இங்கிருந்து கத்த வேண்டுமே. குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கியது. அதற்கப்புறமும் முன்னறையில் சத்தம் இல்லை. எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தேன், எனக்கு அந்த டேப் ஞாபகம்தான்.

வாயில் ஒன்றும் இல்லை. புத்தகத்தை மடியில் வைத்து, உதடு அசையாமல் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

திரும்பி வந்து மிச்சப் பீன்ஸையும் அரிந்து முடித்தேன்.